காலையில் மீன் செத்து மிதந்தால்: சிங்கப்பூர் மீன்பண்ணையாளருக்கு நோய்க்கட்டுப்பாட்டுச் சட்டம், படிப்படியாக

புலாவ் ஊபின் பக்கமுள்ள மிதவைப் பண்ணை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரு விடியற்காலையில் ஐந்தாம் கூண்டில் நாற்பது கொடுவா மல்லாந்து கிடந்தன. முதலாளி எடுத்த முதல் தொலைபேசி மீன் வியாபாரிக்கு: “மிச்சம் இருப்பதை இன்றைக்கே இறக்கிவிடுவோம்.” இரண்டாவது, குஞ்சு விற்றவரைத் திட்டுவதற்கு. அதிகாரிகளுக்குச் சொன்னது மூன்றாம் நாள். அதற்குள் அந்தக் கூண்டின் அள்ளுவலை மற்ற நான்கு கூண்டுகளிலும் இறங்கி ஏறியிருந்தது. எங்கள் படகு இரண்டு முறை பக்கத்துப் பண்ணைக்குப் போய் வந்திருந்தது.

மீன்நோய்ச் சட்டத்தைத் தண்டனைப் பட்டியலாகப் படிப்பவர்களே அதிகம். அந்த மூன்று நாள்களைப் பார்த்தவன் என்பதால் நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். மீன், நீர், வலை, படகு, காலணி ஆகிய ஐந்தும் எப்போது நகரலாம், எப்போது நகரக் கூடாது என்பதைச் சொல்லும் சட்டம் அது. கீழே உள்ள படிகளை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

முதல் படி: எந்தச் சட்டம், யார் கையில்

சிங்கப்பூரில் மீன் வளர்ப்பை இரண்டு பழைய சட்டங்கள் தாங்குகின்றன. ஒன்று 1966ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம். பண்ணை நடத்த உரிமம் வேண்டும் என்பது இங்கிருந்து வருகிறது. மற்றது 1965ஆம் ஆண்டின் விலங்குகள், பறவைகள் சட்டம். பெயரில் மீன் இல்லை என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் வரையறையில் ‘விலங்கு’ என்ற சொல்லுக்குள் மீனும் அடங்கும். நோயைத் தெரிவிப்பது, நோயுற்றதைத் தனிமைப்படுத்துவது, இடத்தை முடக்குவது, அழிக்கச் சொல்வது ஆகிய அதிகாரங்களெல்லாம் இதில்தான் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்பதும் இதே சட்டம்தான்.

அமைப்புகளும் இரண்டு. 2019 ஏப்ரல் 1 வரை எல்லாம் வேளாண் உணவு, கால்நடை ஆணையத்தின் கீழ் இருந்தன. அந்த ஆணையம் கலைக்கப்பட்ட பிறகு, உணவுக்கான மீன் வளர்க்கும் பண்ணையின் உரிமமும் மேற்பார்வையும் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் போயின. விலங்கு நோய்க் கட்டுப்பாடும் அலங்கார மீன் தொழிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையிடம் போயின. ‘இது அவர்கள் வேலையா, இவர்கள் வேலையா’ என்று நள்ளிரவில் யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இரண்டு அமைப்புகளின் அவசர எண்களையும் மிதவைக் குடிலின் சுவரில், அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். நோய் சந்தேகம் வந்தால் இரண்டு பக்கமும் சொல்லிவிடுவது என்பதே என் பழக்கம். ஒருவருக்கு அதிகமாகச் சொல்லிவிட்டதாக இதுவரை யாரும் கோபித்ததில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு, உணவுப் பாதுகாவல் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஜனவரி 8 அன்று நிறைவேற்றியது. பல சட்டங்களில் சிதறிக் கிடந்த உணவு சார்ந்த விதிகளை அது ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறது. 2028க்குள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும். ஆகவே பழைய நண்பர் சொன்ன விதி எண்ணை நம்பாமல், உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் வரும் நிபந்தனைத் தாளை வரிவரியாகப் படியுங்கள். அந்தத் தாளில் இருப்பதும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

இரண்டாம் படி: குஞ்சு வாங்கும் முன்

நோய் பெரும்பாலும் பிளாஸ்டிக் பையில், ஆக்சிஜன் அடைத்து, ரசீதோடு வருகிறது. கொடுவா, களவா குஞ்சுகள் வெளிநாட்டுக் குஞ்சகங்களிலிருந்தும் வருகின்றன. அவற்றில் கவனிக்க வேண்டிய முதல் எதிரி நரம்புநசிவு வைரஸ். குஞ்சுப் பருவத்தில் இது மூளையையும் கண்ணையும் தாக்குகிறது. மீன் சுழன்று சுழன்று நீந்தும், வயிறு மேலாகக் கிடக்கும், நிறம் கறுக்கும். தாய் மீனிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகக்கூடியது என்பதால், ‘குஞ்சு பார்க்க நன்றாக இருக்கிறது’ என்பது எந்தச் சான்றும் ஆகாது. தாய் மீன்கள் சோதிக்கப்பட்டனவா என்பதை விற்பவரிடம் கேளுங்கள்.

பிறகு ஆய்வக அறிக்கை. ‘சோதித்தோம், இல்லை’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். எத்தனை மீனைச் சோதித்தார்கள் என்று பாருங்கள். பெரிய தொகுதியிலிருந்து 30 மீனை எடுத்துச் சோதித்து எதிலும் நோய் இல்லை என்றால், அந்தத் தொகுதியில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் நோய் பரவியிருக்க வாய்ப்பில்லை என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம், அவ்வளவுதான். நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் ஒளிந்திருப்பதையும் பிடிக்க வேண்டுமானால் ஏறத்தாழ 150 மீன் வேண்டும். சோதனை முறை துல்லியமானது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. ஐந்து மீனைச் சோதித்துவிட்டு முத்திரை குத்திய தாளும் நான் பார்த்திருக்கிறேன். முத்திரை மிக அழகாக இருந்தது.

இறக்குமதிக்கு உரிமமும், வரும் ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதியும் வேண்டும். இறக்குமதி, ஏற்றுமதி அனுமதிகளுக்கான அரசின் இணையத்தளமான டிரேட்நெட் வழியாக விண்ணப்பிப்பது வழக்கம். எந்த இனத்துக்கு, எந்த நாட்டிலிருந்து, எந்த நோய் இல்லை என்ற சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்பது இனத்துக்கு இனம் மாறும். குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். விமானம் இறங்கிய பிறகு சான்றிதழில் ஒரு வரி குறைகிறது என்று தெரிந்தால், பையில் இருக்கும் ஆக்சிஜன் உங்களுக்காகக் காத்திருக்காது.

வந்த குஞ்சை நேராகக் கடல் கூண்டில் விடாதீர்கள். திறந்த கடலில் தனிமைப்படுத்தல் என்பது பெயருக்குத்தான். நீர் எங்கும் ஓடும். ஜொகூர் நீரிணையிலோ அதுவும் முழுதாக ஓடாது. 1924இல் திறக்கப்பட்ட தரைப்பாலம் நடுவில் மறிக்கிறது, நீர் வந்த வழியே திரும்பி ஆடுகிறது. ஒரு பண்ணையின் நோய் அடுத்த பண்ணைக்குப் போக அதிக நேரம் எடுக்காது. முடிந்தால் நிலத்தில் ஒரு தொட்டியில், தனி வலை, தனி வாளி, தனி ஆளோடு இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். இடமில்லை என்றால் நீரோட்டம் கடைசியாகத் தொடும் மூலைக் கூண்டையாவது ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி: பண்ணைக்குள் கோடு போடுவது

இது எளிது, யாரும் செய்வதில்லை. இளம் மீனிலிருந்து பெரிய மீனுக்கு, நல்ல கூண்டிலிருந்து சந்தேகக் கூண்டுக்கு என்ற வரிசையில் வேலை செய்யுங்கள். திரும்பி நடக்காதீர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நிறத்தில் அள்ளுவலை வைத்தால், மொழி தெரியாத தொழிலாளிக்கும் புரியும். வலையை முதலில் கழுவி, அழுக்கை நீக்கிய பிறகே குளோரின் நீரில் முக்குங்கள். சளியும் பாசியும் குளோரினைத் தின்றுவிடும், கிருமி தப்பித்துக்கொள்ளும். கடைசியில் வெயிலில் முழுக்கக் காய வேண்டும். நம் ஊர் வெயில் இலவசம்.

பச்சை மீனை நறுக்கித் தீவனமாகப் போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. செலவு குறைவு என்பார்கள். எங்கிருந்தோ வந்த மீனின் குடலையும் செவுளையும் உங்கள் மீன் வாயில் வைப்பதற்கு அது சமம். செத்த மீனை வேறு கூண்டுக்குத் தீவனமாக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான்காம் படி: நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கூண்டும்: எத்தனை செத்தது, எவ்வளவு தீனி எடுத்தது, காலை ஆறு மணிக்கு நீரில் ஆக்சிஜன், வெப்பம், உப்பு. எந்தத் தொகுதிக் குஞ்சு, எந்தத் தேதியில், யாரிடமிருந்து. எந்த மருந்து, எத்தனை நாள், யார் எழுதிக் கொடுத்தார். எங்கே விற்றது. இவ்வளவுதான்.

‘வழக்கமாகச் சாவது எவ்வளவு’ என்பதை எழுதி வைத்தவருக்குத்தான் ‘வழக்கத்துக்கு மாறாகச் சாகிறது’ என்று சட்டப்படி சொல்ல முடியும். எழுதாதவருக்கு நாற்பது மீனும் நான்கு மீனும் ஒன்றுதான். நோட்டை வாங்கிய அன்றே ஒரு எல்லையும் குறித்து வையுங்கள்: ஒரு கூண்டில் இரண்டு நாள் தொடர்ந்து வழக்கத்தைவிட மூன்று மடங்கு செத்தால் யார் யாருக்கு அழைப்பது என்று. எல்லையை அப்போதே போட வேண்டும். மீன் மிதக்கும் காலையில் போட்டால், அந்த எல்லை வியாபாரிக்குச் சாதகமாகவே விழும்.

ஐந்தாம் படி: அந்தக் காலை

முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள். எல்லா இனமும், எல்லா அளவும், ஒரே இரவில், விடியலில் சாகின்றன என்றால் நோயைவிட நீரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 2014லும் 2015லும் நீரிணையில் பாசி பெருகியபோது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 500 டன் மீன் செத்தது. அது தொற்று நோய் அல்ல. நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் ஒரு புட்டி நீரையும் எடுத்து வையுங்கள். ஒரே இனம், ஒரே வயது, ஒரு கூண்டில் தொடங்கி மெல்லப் பரவுகிறது என்றால் அது நோயின் நடை.

நோய் என்று சந்தேகம் வந்த கணத்தில் பின்வருவன இந்த வரிசையிலேயே நடக்க வேண்டும். அந்தக் கூண்டிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது, எதுவும் உள்ளே வரக் கூடாது. கூண்டைப் பிரிக்காதீர்கள். ‘நல்லவற்றைக் காப்பாற்றலாம்’ என்று பாதியை வேறு கூண்டுக்கு மாற்றினால் நோயைப் பாதியாகப் பிரித்து இரண்டாக்குகிறீர்கள். தீனியை நிறுத்துங்கள் அல்லது குறையுங்கள். படகை ஒரே இடத்தில் கட்டுங்கள். பிறகு தொலைபேசி. விலங்குகள், பறவைகள் சட்டப்படி தெரிவிக்கும் கடமை மீனின் சொந்தக்காரருக்கு மட்டும் இல்லை, அந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்பவருக்கும் இருக்கிறது. முதலாளி இந்தோனேசியாவில் இருக்கிறார் என்றால், குடிலில் இருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நோய் உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும்.

சொல்லும்போது ஐந்து தகவல்கள்: பண்ணை எண், இனம் வயதோடு, எத்தனை மீனில் எத்தனை செத்தன, எப்போது தொடங்கியது, கடைசி முப்பது நாளில் எது பண்ணைக்கு வந்தது, எது போனது. கடைசித் தகவலை மறைக்கும் சபலம் வரும். பக்கத்துப் பண்ணைக்கு நேற்று நூறு குஞ்சு விற்றிருப்பீர்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய மீனும் சாகும், பிறகு இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதிகாரிக்கு விளக்கம் சொல்வீர்கள்.

இந்த அவசரம் எதற்கு என்று கேட்கலாம். உலக விலங்குச் சுகாதார அமைப்பில் சிங்கப்பூர் உறுப்பினர். அதன் நீர்வாழ் விலங்குப் பட்டியலில் சிவப்புக் கடல்பிரீம் இரிடோவைரஸ், கோய் ஹெர்பீஸ் வைரஸ், திலாப்பியா ஏரி வைரஸ், இறால்களின் வெண்புள்ளி நோய் போன்றவை இருக்கின்றன. பட்டியலில் உள்ள நோய் ஒரு நாட்டில் புதிதாகத் தென்பட்டால், அந்த நாட்டு அதிகாரி 24 மணி நேரத்துக்குள் உலக அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். நாடு சொல்லத் தாமதித்தால், அலங்கார மீனை உலகெங்கும் அனுப்பும் நம் ஏற்றுமதியாளர்களின் சான்றிதழ் மதிப்பிழக்கும். உங்கள் கூண்டுக்கும் சாங்கி சரக்கு முனையத்துக்கும் இடையே இப்படி ஒரு கயிறு கட்டியிருக்கிறது.

பட்டியலில் இல்லாத நோய் என்றால் சும்மா இருக்கலாமா? 2015இல் கொடுவாவின் செதில் உதிரும் நோய்க்குக் காரணமான வைரஸை ஆய்வாளர்கள் முதன்முதலில் விவரித்தது சிங்கப்பூர் மீன்களை வைத்துத்தான். அன்று அது எந்தப் பட்டியலிலும் இல்லை. யாரோ ஒருவர் மாதிரி கொடுத்ததால்தான் அந்த நோயின் காரணம் தெரிந்தது.

ஆறாம் படி: மாதிரி எடுத்தல்

செத்து மிதந்த மீன் பயன்படாது. முப்பது டிகிரி நீரில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அழுகல் கிருமிகள் உடலை எடுத்துக்கொள்ளும், ஆய்வகம் அவற்றைத்தான் கண்டுபிடிக்கும். தடுமாறி நீந்தும், இன்னும் செவுள் அசையும் மீன்தான் வேண்டும். ஐந்தாறு மீன், அதோடு ஒப்பிட நல்ல கூண்டிலிருந்து இரண்டு. தனித்தனிப் பையில், பனிக்கட்டியின் மேல் வையுங்கள். உறைய வைத்தால் திசு ஆய்வு கெடும். உடனே கரைக்குக் கொண்டுபோக முடியாதென்றால், ஆய்வகம் சொல்லும்படி சிறு துண்டுகளை மரபணுச் சோதனைக்கு எத்தனாலிலும், திசு ஆய்வுக்குப் பத்து விழுக்காடு ஃபார்மலினிலும் போடுங்கள். துண்டு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. ஃபார்மலின் திசுவைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். நிறைய திசு, கொஞ்சம் ஃபார்மலின் என்றால் நடுவில் அழுகிவிடும்.

கையுறை போடுங்கள். மீன் முள் குத்திய விரல் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே என்ற பாக்டீரியா மனிதருக்கும் தொற்றும். அந்த வாரம் கையில் வீக்கம் வந்தால் மருத்துவரிடம் ‘மீன் வேலை’ என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: மருந்து

வைரசுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. இதை எத்தனை முறை சொன்னாலும் குடில் அலமாரியில் பெயரில்லாத மஞ்சள் பொடி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை முதலில் அப்புறப்படுத்துங்கள். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள், மலக்கைட் கிரீன் ஆகியவற்றை உண்ணும் மீனுக்குப் பயன்படுத்தக் கூடாது. மலக்கைட் கிரீன் பூஞ்சைக்குப் பழைய தாத்தா மருந்து என்பதால் அலங்கார மீன் கடையிலிருந்து வாங்கி வந்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். சதையில் அது நீண்ட நாள் தங்கும்.

அனுமதிக்கப்பட்ட ஆன்டிபயாடிக் என்றாலும், உரிமம் பெற்ற கால்நடை மருத்துவர் மீனைப் பார்த்து, முடிந்தால் எந்த மருந்து அந்தக் கிருமியைக் கொல்கிறது என்று சோதித்து எழுதித் தர வேண்டும். முழு நாள்களும் கொடுத்து முடிக்க வேண்டும். பிறகு மருந்து சதையிலிருந்து நீங்குவதற்கான காத்திருப்புக் காலம் முடியும்வரை ஒரு மீனும் வெளியே போகக் கூடாது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் மீன் சதையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் எனப்படும் உலக உணவு நெறிமுறையின் அளவு. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைத் தடுக்க 2017இல் வெளியான மருந்தெதிர்ப்புத் தேசியச் செயல்திட்டம் மனிதரோடு விலங்கையும் உணவையும் சேர்த்தே பார்க்கிறது. பண்ணையில் வீணடித்த மருந்து நாளை நம் தாத்தா பாட்டியின் மருத்துவமனைக் கட்டிலில் வேலை செய்யாமல் போகலாம்.

தோல் ஒட்டுண்ணிக்கு மருந்தே தேவைப்படாமல் நன்னீரில் சில நிமிடம் முக்கி எடுப்பது பல நேரம் போதும். தடுப்பூசி உள்ள நோய்க்குக் குஞ்சிலேயே போட்டுவிடுவது பின்னால் மருந்து வாங்குவதைவிட மலிவு.

எட்டாம் படி: விற்கலாமா, அழிக்கலாமா

மேலே சொன்ன அந்த முதல் தொலைபேசி அழைப்புக்கு இங்கே வருகிறேன். இரிடோவைரசோ நரம்புநசிவு வைரசோ மனிதரைத் தாக்காது, அது உண்மை. ஆனாலும் அவசரமாகப் பிடித்து இறக்கும்போது வலையும் படகும் லாரியும் சந்தைத் தொட்டியும் நோயைச் சுமக்கின்றன. மருந்து கொடுத்திருந்தால் காத்திருப்புக் காலம் முடிந்திருக்காது. முடக்க உத்தரவு இருந்தால் விற்பதே குற்றம். மீனிலிருந்து மனிதருக்கு எதுவும் வராது என்று நினைப்பவர்களுக்கு 2015 நினைவிருக்கட்டும். நன்னீர் மீனைப் பச்சையாக உண்டதன் வழியாக குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில், பச்சையாகப் பரிமாறும் உணவில் நன்னீர் மீனைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது.

விற்பதற்கு அனுமதி கிடைத்தால் எழுத்தில் வாங்குங்கள். குடல் நீக்கி, பனியிட்டு, உயிரோடு போகாத வகையில் அனுப்பும்படி நிபந்தனை வரலாம். செத்தவற்றைக் கசியாத இரட்டைப் பையில் கட்டி, எண்ணி, எடைபோட்டு, கரைக்குக் கொண்டுவந்து உரிமம் பெற்ற கழிவு அகற்றுபவரிடம் கொடுத்து, ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். கடலில் தள்ளினால் அலை அதை அடுத்தவர் கூண்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்கள் உரிமத்துக்கும் அது ஆபத்து.

வீட்டில் கோய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். கோய் ஹெர்பீஸ் ஏறத்தாழ 16 முதல் 28 டிகிரி நீரில்தான் அதிகம் வெடிக்கிறது. குளிர்விப்பான் வைத்த தொட்டி அதற்கு வசதியான வீடு. பிழைத்த மீன் பார்வைக்கு நலமாக இருந்தே கிருமியைச் சுமக்கலாம். மனம் கேட்காமல் அதை நீர்த்தேக்கத்தில் விட்டுவிடாதீர்கள். அது தனிக் குற்றம், மேலும் அங்கிருக்கும் மீன்களுக்கும் ஆபத்து.

ஒன்பதாம் படி: மறுபடியும் நீரில் விடுதல்

முடக்கம் நீங்கியது என்று கடிதம் வரும்வரை கூண்டு காலியாக இருக்கட்டும். வலையை இறக்கி, கழுவி, கிருமி நீக்கி, காயவைத்து, நான்கு வாரமாவது நீரில் போடாமல் விடலாம் என்பது என் கணக்கு. மருத்துவர் அதிகம் சொன்னால் அதையே கேளுங்கள். முதல் தடவை முழுக் கூண்டு நிரப்பாமல் ஐம்பது அறுபது மீனை மட்டும் விட்டு, மூன்று வாரம் கழித்து அவற்றில் சிலவற்றைச் சோதனைக்கு அனுப்புங்கள். அந்த அறிக்கை கையில் வந்த பிறகு குஞ்சுக்காரருக்கு அழைக்கலாம். அழைக்கும்போது, எத்தனை மீனைச் சோதித்தார் என்று கேட்க மறக்காதீர்கள்.